கைமணிக் குழுவுக்கு இசைத்தாள் தேடுகிறேன்

பென்சில்வேனியாவில் நாங்கள் போகும் தேவாலயத்தின் கைமணிக் குழுவுக்கு (ஆளுக்குச் சில மணிகளைக் கையில் பிடித்து ஒலித்து, எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டை இசைப்பவர்கள்), கிறிஸ்துமஸ் இசைத்தாள்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இந்த ஆண்டு எனக்கு. மிகுந்த மகிழ்ச்சியோடு செய்கிறேன்.

மெட்டின் அழகைக் கடைசியில்தான் பார்க்கிறேன். எந்தெந்த மணிகள் தேவை என்ற அட்டவணை இசைத்தாளின் தொடக்கத்திலேயே இருக்கும். முதல் பார்வை அதற்குத்தான். எங்களிடம் இருப்பவை மூன்று ஆக்டேவ் (ஒரு ஸ-விலிருந்து அடுத்த மேல் ஸ வரை ஓர் ஆக்டேவ்), அதாவது 37 மணிகள். ஐந்து ஆக்டேவ் என்றால் 61 வேண்டும்.

அடுத்து, மனிதர்கள். ஒருவருக்குப் பெரும்பாலும் இரண்டு சுரங்கள். அவற்றின் ஷார்ப், ஃபிளாட் (அரைச்சுரம் கூடிய, குறைந்த) மணிகளும் அவர் பொறுப்பே. பாட்டின் நடுவில் சுருதி மாறினால், கையில் உள்ள மணியை மேசையில் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்க அவருக்கு அவகாசம் வேண்டும். அந்த இடைவெளியைத் தராத இசைத்தாள் எவ்வளவு புகழ்பெற்றதானாலும் எனக்கு வேண்டாம். எங்கள் குழுவில் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், எழுபதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். யாரும் மணியைத் தேடித் தவிக்கக் கூடாது.

கைமணி இசைத்தாள்களில் 1 முதல் 6 வரை கடின நிலை குறித்திருப்பார்கள். எங்களுக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதியை இரண்டாம் நிலையிலிருந்து தேர்ந்தெடுத்துவிட்டேன். குழுவை முன்னேற்ற மூன்றாம் நிலையில் ஒன்று வேண்டும். மெதுவான நடை, மணிகளை ஒலிக்க விட்டுக் காத்திருக்கும் நீண்ட சுரங்கள், மூன்று ஆக்டேவ். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.