4066 ஐசியில் (வோல்டேஜால் ஆன், ஆஃப் செய்யும் நான்கு ஸ்விட்சுகள் கொண்டது) சிக்னல் இரு பக்கமும் போவது எப்படி?

தனி மாஸ்ஃபெட் (கேட் முனையின் வோல்டேஜால் சோர்ஸ், டிரெய்ன் முனைகளுக்கு நடுவே கடத்தும் டிரான்சிஸ்டர்) ஒன்றை ஏசி சிக்னலுக்கு ஸ்விட்சாகப் போட்டால் பாதி வேலைதான் நடக்கும். பாகத்துக்குள்ளேயே பாடியும் (டிரான்சிஸ்டரின் அடித்தளமான சிலிக்கான்) சோர்ஸும் சேர்த்து இணைக்கப்பட்டிருப்பதால், சோர்ஸுக்கும் டிரெய்னுக்கும் நடுவில் ஒரு டயோடு தானாகவே அமைந்துவிடுகிறது. கேட்டை அணைத்தாலும் அந்த டயோடு ஒரு திசையில் கடத்தும். இரண்டு மாஸ்ஃபெட்டுகளைச் சோர்ஸோடு சோர்ஸ் சேர்த்து எதிரெதிராக வைத்தால் இரு திசையும் அடைபடும்.

4066 போன்ற ஐசிக்களில் இந்தச் சிக்கல் வேறு வழியில் தீர்கிறது. ஒவ்வொரு ஸ்விட்சிலும் என்மாஸ், பிமாஸ் என எதிரெதிர் வகை மாஸ்ஃபெட்டுகள் இரண்டு உண்டு: முன்னது கேட் வோல்டேஜ் உயர்ந்தால் கடத்தும், பின்னது தாழ்ந்தால் கடத்தும். அணைந்திருக்கும்போது என்மாஸின் பாடி கிரவுண்டிலும் பிமாஸின் பாடி சப்ளையிலும் இருக்கும். ஸ்விட்சின் இரு முனைகளுக்கும் வித்தியாசமே இல்லை. என்மாஸில் எந்த முனை தாழ்ந்த வோல்டேஜில் இருக்கிறதோ, அந்தக் கணத்தில் அதுதான் சோர்ஸ். சிக்னல் சப்ளையை நெருங்கும்போது என்மாஸ் தளர்ந்துவிடும், கிரவுண்டை நெருங்கும்போது பிமாஸ் தளரும். அதனால்தான் இரண்டையும் பக்கவாட்டில் (பேரலலாக) இணைக்கிறார்கள்.

இரு திசை என்றதும் மைனஸ் வோல்டேஜும் போகும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். போகாது. ஒற்றை சப்ளையில் சிக்னல் கிரவுண்டுக்குக் கீழே சுமார் 0.6 வோல்ட் இறங்கினாலே பாடி டயோடு கடத்தத் தொடங்கி அலை வெட்டுப்படும். அணைத்து வைத்த ஸ்விட்ச்கூட அப்போது கசியும். கேட் பூஜ்யத்திலும் முனை மைனஸிலும் இருந்தால், என்மாஸுக்கு அது ஆன் செய்ததுபோலத்தான். இரண்டு 100 கிலோஓம் ரெசிஸ்டர்களால் சப்ளையின் பாதி வோல்டேஜை எடுத்து, ஆடியோவை அதன்மேல் ஏற்றி, இரு பக்கமும் கப்ளிங் கெபாசிட்டர் போடுங்கள். அல்லது இதேபோன்ற இன்னொரு ஸ்விட்ச் ஐசியான 4053-க்கு மாறுங்கள். அதில் மைனஸ் சப்ளைக்குத் தனி பின் உண்டு. கண்ட்ரோல் 0–5 வோல்ட்டில் இருக்க, சிக்னல் ±5 வரை ஆடலாம்.

சப்ளை இல்லாதபோது சிக்னல் வந்தால் இன்னும் மோசம். பிமாஸின் டயோடு வழியாக மின்சாரம் சப்ளை லைனுக்குள் ஏறி, போர்டு அரைகுறையாக உயிர்பெறும். சிக்னலில் தொடராக 1 கிலோஓம் வைத்தால் அந்தக் கரண்ட் அடங்கும்.

ஆன் ரெசிஸ்டன்ஸ் பழைய 4066-இல் 15 வோல்ட் சப்ளையில் ஏறக்குறைய 125 ஓம், 5 வோல்ட்டில் 470 ஓம். 10 கிலோஓம் லோடில் 470 ஓம் தின்பது சுமார் 4.5 சதவீதம். அந்த இழப்பை கெயினில் சரிக்கட்டிவிடலாம். சரிக்கட்ட முடியாதது, சிக்னலின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ரெசிஸ்டன்ஸும் மாறுவது. டிஸ்டார்ஷன் பிறப்பது அங்கேதான். ஸ்விட்சுக்குப் பின்னால் பஃபர் (சிக்னலிலிருந்து மிகக் குறைந்த கரண்ட் மட்டும் எடுக்கும் ஆம்பிளிஃபயர்) வைத்து லோடை 100 கிலோஓமுக்கு மேல் தூக்கினால் பெருமளவு குறையும். அதைவிட எனக்குப் பிடித்தது, ஆப்ஆம்பின் இன்வர்ட்டிங் இன்புட்டை ஒட்டி, உள்ளீட்டு ரெசிஸ்டருக்குப் பின்னால் ஸ்விட்சை வைப்பது. ஆன் ஆனபின் அங்கே வோல்டேஜ் கிட்டத்தட்ட அசைவதே இல்லை, ரெசிஸ்டன்ஸும் அப்படியே நிற்கும்.

கண்ட்ரோல் பக்கம் ஒரு எச்சரிக்கை: 5 வோல்ட் சப்ளையில் 4066-க்குக் குறைந்தது 3.5 வோல்ட் வேண்டும். 3.3 வோல்ட் மைக்ரோகண்ட்ரோலர் மேஜையில் வேலை செய்வதுபோல் காட்டிவிட்டு வெப்பம் மாறியதும் கைவிடலாம். பயன்படுத்தாத கண்ட்ரோல் பின்களைக் கிரவுண்டில் கட்டுங்கள்.

மாற்றும்போது வரும் ‘டப்’ சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் இரு முனைகளின் டிசி வேறுபாடு. இரண்டையும் ஒரே பயாஸ் டிசி வோல்டேஜுக்கு 100 கிலோஓம் வழியாக இழுத்தால் போய்விடும். சாம்பிள் அண்ட் ஹோல்டில் (ஒரு கணத்தின் வோல்டேஜைக் கெபாசிட்டரில் பிடித்து வைக்கும் சர்க்யூட்) மட்டும் கேட்டிலிருந்து தாவும் சார்ஜைக் கணக்கிட வேண்டும்: 10 பிகோகூலம் சார்ஜ் 1 நானோஃபாரட் கெபாசிட்டரில் 10 மில்லிவோல்ட் பிழை.