பெர்லினில் முகவரி பதிந்த அனுபவம்

ஜெர்மனிக்குக் குடிவருகிறவர்கள் குளிர், சாப்பாடு, மொழி என்று எதற்கெல்லாமோ தயாராகி வருகிறார்கள். எனக்கு அங்கே பெரும் புதுமையாக இருந்தது முகவரிப் பதிவு. ஒரு வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும் என்பது சட்டம். அன்மெல்டுங் என்பார்கள். பக்கத்துத் தெருவுக்கு வீடு மாறும் ஜெர்மானியரும் பதிந்தாக வேண்டும். முதல்முறை பதிந்த பிறகுதான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது இல்லாவிட்டால் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரி பிடிக்க நேரலாம். இருப்பதிலேயே அதிகப் பிடித்தம் அதுதான்.

இதற்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. நாம் குடிவந்ததை உறுதிசெய்து, வீடு கொடுத்தவர் தனியாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்; 2015 நவம்பரிலிருந்து இது கட்டாயம். நான் முதலில் தங்கிய அறையின் சொந்தக்காரர் வாடகையை வாங்கிக்கொண்டார், கையெழுத்து மட்டும் தர மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த அறை தேடியபோது எடுத்த எடுப்பில் இதைத்தான் கேட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கும் அழுத்திச் சொல்கிறேன்: ஜன்னல், சமையலறை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பதிவுத் தாள் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்.

நேரம் வாங்குவது ஆன்லைனில். பெர்லினுக்குள் எந்த வட்டார அலுவலகத்திலும் பதியலாம் என்பதால் வீட்டுப் பக்கத்திலேயே தேட வேண்டியதில்லை. யாராவது ரத்து செய்த நேரம் காலையில் திறக்கும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா வணக்கம் சொன்னார், தாள்களை வாங்கினார், ஒரே பார்வையில் "குடியேறிய தேதி இல்லை, இது செல்லாது" என்றார். வருத்தமும் காட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. எனக்கு முகம் வாடிவிட்டது. அடுத்த மூச்சிலேயே, "வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் வாருங்கள், புதிதாக நேரம் வாங்க வேண்டாம், நேராக என்னிடமே வாருங்கள்" என்றார். நான் கேட்கவே இல்லை. நம் பக்கம் இனிக்க இனிக்கப் பேசி நாளை வரச் சொல்வார்கள். இந்த அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் சொன்னபடி வேலையை முடித்துக் கொடுத்தார். ஜெர்மானியர் பலரிடம் பிறகும் இதைப் பார்த்தேன். அந்த நேர்பேச்சு எனக்குப் பிடித்தும் போனது.

படிவத்தில் மதம் கேட்டிருந்தது துணுக்கென்று இருந்தது. காரணம் வரி. குறிப்பிட்ட மதச் சபைகளில் உறுப்பினராக இருப்பவர்களிடம் வருமான வரியில் 9 சதவீதத்தை (பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8) சபைக்காக அரசே பிடித்துக் கொடுக்கிறது. கத்தோலிக்க நண்பர்கள் இந்தக் கட்டத்தை நிரப்பும் முன் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

கிளம்பும்போது அந்த அம்மா, "தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா?" என்று கேட்டார். அங்கே பெரும்பாலான குடியிருப்புகளில் கதவு எண் கிடையாது. தபால்காரர் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் ஒட்டாத பெட்டி என்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். பாஸ்போர்ட்டில் என் குடும்பப் பெயராக இருப்பது அப்பாவின் பெயர். அதைத் தாளில் எழுதிப் பெட்டியிலும் அழைப்புமணிப் பொத்தானுக்குப் பக்கத்திலும் ஒட்டினேன். மாடிப்படியில் எதிர்ப்படும் அண்டை வீட்டார் எல்லாரும் அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். முதலில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தோன்றும். போகப் போக அதைக் கேட்பதே சந்தோஷமாகிவிட்டது.

வரி எண் வந்த கையோடு ஒலிபரப்புக் கட்டணக் கடிதமும் வரும். டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. சேர்ந்து தங்குகிறவர்களில் ஒருவர் கட்டினால் போதும், அவருடைய கட்டண எண்ணைக் கேட்டு வாங்கி மற்றவர்கள் பதில் எழுதிவிட வேண்டும். நாட்டைவிட்டுக் கிளம்பும்போது பதிவை நீக்கவும் வேண்டும்; புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து அதைச் செய்யலாம்.