பேர் இல்லாத சீட்டு

கோத்தகிரியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலைக் கொழுந்தை எடை போட்டுச் சீட்டு அடிக்கும் செயலி என்னுடையது. மூன்று தொழிற்சாலைகளுக்கும் ஒரே நிரல்தான், சீட்டின் தலையில் வரும் பேர் மட்டும் மாறும். நிரலைச் செயலியாகக் கட்டும் வேலைக்குப் பில்டு என்று பேர்; அதை ‘மேக்’ என்ற கருவி, மேக்ஃபைல் என்ற கோப்பில் எழுதியிருப்பதைப் பார்த்து நடத்தும். அதனால் பில்டு ஓடும்போதே எந்தத் தொழிற்சாலை என்று கேட்கும்படி மேக்ஃபைலில் ‘ரீட்’ போட்டிருந்தேன்; கட்டளைகளை ஓட்டும் ஷெல்லில், தட்டச்சு செய்யும் பதிலை வாங்கிக்கொள்ளும் கட்டளை அது. 1976-ல் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதிய மேக்கில், ஆன்ட் என்ற இன்னொரு பில்டு கருவியில் இருப்பதுபோல் கேள்வி கேட்கத் தனி வசதி கிடையாது.

அதிலேயே ஒரு மதியம் போயிற்று. ரெசிப்பியின், அதாவது மேக்ஃபைலில் எழுதும் கட்டளைகளின், ஒவ்வொரு வரியையும் மேக் தனித்தனி ஷெல்லில் ஓட்டும். முதல் வரியில் வாங்கிய பதில் இரண்டாம் வரிக்குப் போய்ச் சேராது. அரைப்புள்ளி வைத்து ஒரே வரியாக்கி, டாலர் குறியை இரட்டையாகப் போட்ட பிறகே வேலை செய்தது; ஒற்றை டாலர் என்றால் மேக் அதைத் தன் மாறி (வேரியபிள்) என்று எடுத்துக்கொள்ளும்.

போன மாதம் அதே பில்டை ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக ஓடும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட்டேன். அங்கே பதில் சொல்ல ஆள் ஏது? பதில் வரும் வழியான ஸ்டாண்டர்டு இன்புட் காலி என்றதும் ‘ரீட்’ வெறுங்கையோடு திரும்பிவிட்டது. நடுவில் அரைப்புள்ளி இருந்ததால் அடுத்த கட்டளை அதைக் கண்டுகொள்ளாமல் ஓடி முடிந்தது. ஒரு பிழைச் செய்தியும் இல்லை.

காலையில் எடை போடும் ஷெட்டில் ஒரு அக்கா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, எந்த ஃபேக்டரின்னே இதுல இல்லையே, நாளைக்குக் காசு கேட்டா எதைக் காட்டுறது?” பதினெட்டு கிலோ கொழுந்துக்கு அவர் கையில் இருக்கும் ஒரே கணக்கு அந்தத் துண்டுச் சீட்டு. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அன்று வந்த எல்லாச் சீட்டிலும் பேனாவால் பேர் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது ‘ரீட்’டை எடுத்துவிட்டேன். மேக்கைக் கூப்பிடும் வரியிலேயே தொழிற்சாலையின் குறியீட்டை மாறியாகக் கொடுக்கிறேன். அப்படிக் கொடுப்பது மேக்ஃபைலில் எழுதியிருப்பதையும் மிஞ்சி நிற்கும். ஷெல்லின் சூழல் மாறியாக (என்விரான்மென்டில்) வைத்தால் சாதாரணமாக அந்த வலு இல்லை. மாறி காலியாக இருந்தாலோ, குறியீடு என் பட்டியலில் இல்லாவிட்டாலோ மேக்ஃபைலின் தலையிலேயே ‘எரர்’ போட்டு நிறுத்திவிடுகிறேன். முழுப் பேரைக் கட்டளை வரியில் கொடுப்பதில்லை. கொடுத்ததை மேக் அப்படியே ஷெல்லுக்குத் தள்ளிவிடும், பேருக்கு நடுவே ஒரு இடைவெளி இருந்தால் போதும், இரண்டாக உடையும்.

மறுநாள் அக்காவுக்குப் புதுச் சீட்டு அடித்துக் கொடுத்தேன். எடையைப் பார்க்கும் முன் பேரைத்தான் பார்த்தார்.