சின்ன பெட்டா பொண்ணு ஒருவழியா முட்டை விட்டாச்சு

என்னோட சின்ன நீலப் பெட்டா பொண்ணு, அதாவது சண்டை மீன், முட்டை விட்டு, அது பொரிஞ்சும் போச்சு! தண்ணி மேல ஆண் கட்டின நுரைக்கூட்டுக்கு அடியில குஞ்சுங்க வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது, விழுறத எல்லாம் ஆண் வாயில கவ்விக் கவ்வி மேல கொண்டுபோய் வெச்சுக்கிட்டே இருக்கான். சந்தோஷம் தாங்கல, அதான் உடனே எழுதறேன்.

டேங்க் செட்டப் இதுதான், பத்துப் பன்னெண்டு சென்டிமீட்டர் தண்ணி, மணல் கிடையாது, ஒரு காஞ்ச கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை, மேல மூட கிளிங் ராப் பிளாஸ்டிக் தாள். சிங்கப்பூர் சூட்டுக்கு ஹீட்டர் தேவையே இல்ல. தண்ணிக்கு மட்டும் குளோரமின் எடுக்கற மருந்து கட்டாயம் போடுங்க, நம்ம பியூபி குழாய்த் தண்ணியை ராத்திரி முழுக்க வாளியில பிடிச்சு வெச்சாலும் அது போகாது.

நான் சொல்ல வந்தது சின்னப் பொண்ணை எப்போ ஆண்கிட்ட விடறதுங்கறதுதான். வயித்துக்கு அடியில வெள்ளைப் புள்ளி தெரியுது, ரெடின்னு சொல்லி நிறைய பேர் விட்டுடறாங்க, அது முட்டைக்குழாயோட நுனி, ரெடியா இல்லாத பொண்ணுக்கும் தெரியும், அதை வெச்சு முடிவு பண்ணவே கூடாது. வயிறு நல்லா உருண்டு வரணும், அதுக்கப்புறம் உடம்புக் கோட்டைப் பார்க்கணும். தலையிலேர்ந்து வாலுக்குப் படுக்கையா ஓடுச்சுன்னா பயந்துருக்கா, மேலேர்ந்து கீழ செங்குத்தா வந்தாத்தான் சம்மதம். ஆண் அவளைச் சுத்தி வளைச்சுப் பிடிச்சாத்தான் முட்டை விழும், அதனால பொண்ணு அவனை விடக் கொஞ்சம் சின்னதா இருக்கறது நல்லதுதான், ஆனா ரொம்பப் பொடிசா இருந்தா அவன் துரத்துற துரத்துல துடுப்பெல்லாம் கிழிஞ்சு, செத்தே போயிடலாம்.

இதுக்கு எனக்குக் கைகொடுத்தது அரிக்கேன் விளக்குக் கண்ணாடி. தேக்காவுல ஒரு பாத்திரக் கடையில வாங்கினது. டேங்குக்கு நடுவுல நிறுத்தி அவளை உள்ள விட்டுட்டா அவன் பார்ப்பான், கூடு கட்டுவான், ஆனா தொட முடியாது. வெட்டின பாட்டில் லேசு, சாய்ஞ்சுடும், கண்ணாடி அசையாது. கோடு செங்குத்தா வந்து, அவளே தலையைக் கீழ சாய்ச்சு அவன் பக்கம் திரும்பற வரைக்கும் நான் தூக்கவே இல்ல, கோடு படுக்கையா மாறினா அன்னைக்கு அவளை எடுத்துத் தனியா விட்டு நல்லா சாப்பாடு போட்டேன். தூக்கும்போதும் அவ தானா வெளிய வர்ற மாதிரி மெதுவா தூக்கணும், ஒளிஞ்சுக்க ஜாவா மாஸ் பாசி நிறைய இருக்கணும்.

அமெரிக்காவுல ஹாக்நோஸ் பாம்பு வளர்க்கற நண்பர் ஒருத்தர் இருக்காரு, அவரும் இதையேதான் சொல்வாரு, பொண்ணு வளர்ந்து போதுமான எடை வராம ஜோடி சேர்த்தா முட்டை உள்ளயே சிக்கி உயிருக்கே ஆபத்தாயிடுமாம். இங்க பாம்பு வளர்க்க அனுமதி கிடையாது, ஆனா சின்ன உடம்பை அவசரப்படுத்தக் கூடாதுங்கறது எல்லா உயிருக்கும் ஒண்ணுதான்.

முட்டை விட்டு முடிச்சதும் அவளை எடுத்தாச்சு, இனி சில வாரம் ஓய்வுதான். குஞ்சுங்க நேரா நீந்த ஆரம்பிச்சதும் ஆணையும் எடுக்கணும், குஞ்சுங்களோட முதல் சாப்பாடான இன்ஃபுசோரியா, அதாவது தண்ணியில இருக்கற நுண்ணுயிருங்க, ரெடியா இருக்கு. அதுக்கு அடுத்தது ஆர்ட்டீமியா, முட்டையா வாங்கிப் பொரிக்க வைக்கற பொடி இறால், அதுலதான் எரிச்சல், போன தடவை ஒரு கடையில வாங்கின முட்டை டப்பாவுல பாதிகூட பொரியல, இந்தத் தடவை செராங்கூன் நார்த் அவென்யூ 1 பக்கம் இருக்கற மீன் கடைங்களுக்குப் போய் தேதி பார்த்து வாங்கப் போறேன்.

அடுத்து இம்பெல்லிஸ்ங்கற இன்னொரு பெட்டா இனத்துல ஜோடி ஒண்ணு எடுக்கணும்னு ரொம்ப ஆசை, அதையும் சாதாரண பெட்டாவான ஸ்ப்ளெண்டன்ஸையும் கலக்கவே மாட்டேன், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துடும். ஆனா அதுக்கு முன்னாடி இந்தக் குஞ்சுங்களுக்கு வீடு பார்க்கணும், எச்டிபி அடுக்குமாடி வீட்டுல எத்தனை ஜாடிதான் வெக்கறது? மூணு நண்பர்கள் இப்பவே கேட்டுட்டாங்க. மிச்சம் இருக்கறதை லாங்கான்லயோ (சாக்கடை வாய்க்கால்) குளத்துலயோ விடற பேச்சே கிடையாது, சண்டைக்கு விடறவங்களுக்கும் தர மாட்டேன், இடம் கிடைக்கற வரைக்கும் அடுத்த ஜோடி போட மாட்டேன்.