எந்தச் சான்றும் கேட்காத வாசல்

2018 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்தோம். கணவருக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நானும் மூன்று வயது மகனும் அவருடைய விசாவை ஒட்டி வந்தவர்கள். ஊரில் ஒன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான். இங்கே வந்த முதல் இரண்டு மாதம் எங்கே போனாலும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "உங்கள் பெயரில் முகவரிச் சான்று ஏதாவது இருக்கிறதா?"

வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். கரண்ட் பில் அவர் பெயரில். கவுன்சில் வரி ரசீதும் அவர் பெயரில். வங்கியில் கணக்குத் தொடங்கலாம் என்று போனால், என் பெயருக்கு வந்த கடிதம் ஒன்று வேண்டும் என்றார்கள். எனக்கு யார் கடிதம் போடுவார்கள்? கணக்கு இருந்தால் வங்கியே போடும். அதே வங்கிக்கு மூன்றாவது தடவையும் போய் வெறுங்கையோடு வெளியே வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நவம்பர் மாதம், மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது, மழை. மகன் தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தான். பஸ் வர நேரம் இருந்தது. ஒதுங்க இடம் தேடி போமோன்ட் தெருவில் பெரிய தூண்கள் வைத்த ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தேன். அதுதான் ஆஷ்மோலியன், பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகம்.

வாசலில் நின்ற காவலரிடம் டிக்கெட் எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டேன். டிக்கெட் கிடையாது என்றார். பையைத் திறந்து, உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த விசா அட்டையை எடுக்கப் போனேன். "அதெல்லாம் வேண்டாம். லிஃப்ட் அந்தப் பக்கம் இருக்கிறது, வண்டியோடு போகலாம்" என்றார். அவ்வளவுதான். யார், எங்கிருந்து வருகிறாய், எவ்வளவு நாள் இருப்பாய், ஒன்றும் கேட்கவில்லை. லிஃப்டுக்குள் போய் நின்றதும் அழுதுவிட்டேன்.

மேலே ஏறி, கால் போன போக்கில் நடந்து ஒரு நீளமான ஓவியத்தின் முன்னால் வந்து நின்றேன். இத்தாலிய ஓவியர் பாலோ உச்செல்லோ 1465-70 வாக்கில் வரைந்த காட்டு வேட்டை. இரவு நேரக் காடு. முன்னால் குதிரைகள், சிவப்புத் தொப்பி போட்ட ஆட்கள், பாய்ந்து ஓடும் நாய்கள். மகன் கண் விழித்ததும் நாய்களைத்தான் பார்த்தான். எண்ண ஆரம்பித்தான். பத்து வரைக்கும்தான் அப்போது அவனுக்கு எண்ணத் தெரியும். பத்து ஆனதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். நான் பார்த்தது வேறு. தரையில் வெட்டிப் போட்ட மரத்துண்டுகள் எல்லாமே படத்தின் நடுவில் உள்ள ஒரே புள்ளியை நோக்கிக் கிடக்கின்றன. ஆட்களும் நாய்களும் மான்களும் அந்தப் பக்கமே ஓடி, ஓடஓடச் சிறுத்து, கடைசியில் இருட்டில் கரைந்து போகிறார்கள். இருட்டுக்குள் என்ன இருக்கிறதென்று ஓவியர் சொல்லவில்லை. புது நாட்டில் இரண்டாவது மாதத்தில் இருந்த எனக்கு அந்தப் படத்தை விளக்க ஆளே தேவைப்படவில்லை.

அன்றைக்கு அந்த ஒரு படத்தை மட்டும் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். இலவசம் என்பதன் அருமை எனக்குப் புரிந்தது அப்போதுதான். காசு கொடுத்து உள்ளே போயிருந்தால் கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்று ஓடியிருப்பேன். கால் வலியோடு திரும்பியிருப்பேன், மறுபடி போக ஒரு வருடம் ஆகியிருக்கும். இங்கே பத்து நிமிடம் போதும், ஒரு படம் போதும், நாளைக்கு வேறொன்று. தினமும் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை திறந்திருக்கிறது. பெரிய சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் டிக்கெட் உண்டு. அந்தக் குளிர்காலம் முழுக்க வாரத்துக்கு இரண்டு நாள் போனோம்.

அப்புறம்தான் இலவச நிகழ்ச்சிகளைத் தெரிந்துகொண்டேன். மதிய நேரத்தில் சின்னச் சின்னப் பேச்சுகள் உண்டு, பொருள்களின் முன்னால் நிறுத்தி விளக்கும் சுற்றுகளும் உண்டு. முதல் சில தடவை கூட்டத்தின் கடைசியில், வண்டியோடு, பாதிதான் புரிந்தாலும் நின்று கேட்டேன். ஒரு நாள் பழங்கால இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் மன்னரின் நகை பற்றிப் பேசினார்கள். 6 சென்டிமீட்டர்தான் நீளம். பொன் சட்டம், நடுவில் ஸ்படிகக் கல், அதற்கு அடியில் இனாமல் வேலைப்பாட்டில் இரண்டு கையிலும் தண்டு பிடித்த ஓர் உருவம். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது. 1693-இல் சாமர்செட் பக்கம் மண்ணிலிருந்து கிடைத்தது. அதன் விளிம்பைச் சுற்றிப் பொன்னிலேயே எழுதியிருக்கிறது: "ஆல்ஃபிரட் என்னைச் செய்யச் சொன்னார்." பொருளே பேசுகிறது. புத்தகம் படிக்கும்போது வரியைத் தொட்டுக் காட்டும் கோலின் கைப்பிடியாக அது இருந்திருக்கலாம் என்று அறிஞர்கள் நினைக்கிறார்கள்.

அன்றுதான் முதல் கேள்வி கேட்டேன். வாக்கியத்தை மனதுக்குள் நாலு தடவை கோத்துப் பார்த்துக்கொண்டு, "இதைப் பிடித்துப் படித்தவர்கள் யார்?" என்று. வழிகாட்டி அம்மா என் பக்கம் முழுவதுமாகத் திரும்பி நின்று பதில் சொன்னார். லத்தீன் நூல் ஒன்றை மன்னர் மக்கள் மொழியில் மொழிபெயர்த்து, ஒவ்வொரு பிஷப்புக்கும் ஒரு பிரதியும் அதோடு ஒரு படிப்புக் கோலும் அனுப்பினாராம். வகுப்பில் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுத்துகளின் மேல் நகர்த்திய ஒன்பது வருடம் எனக்குள் திரும்பி வந்தது. வேலை போய், பேர் போய், வெறும் "டிபெண்டன்ட்" ஆகிவிட்டோம் என்று நினைத்திருந்த எனக்கு, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது என் தொழிலின் கருவி.

பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் மற்ற அருங்காட்சியகங்களும் இலவசம்தான். மகனுக்கு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டைனோசர் எலும்புக்கூடுகள் பிடிக்கும். அதன் வழியாகவே உள்ளே போனால் பிட் ரிவர்ஸ் என்ற மானுடவியல் அருங்காட்சியகம். எனக்கு ஆஷ்மோலியன்தான்.

இனி சொல்லப்போவது பலருக்குத் தெரியாத விஷயம். சுவரில் தொங்குவதும் பெட்டியில் இருப்பதும் மட்டுமே இங்கே நாம் பார்க்கக் கிடைப்பவை அல்ல. காகிதத்தில் வரைந்தவை வெளிச்சம் பட்டால் மங்கிவிடும், அதனால் பெரும்பாலும் உள்ளேயே பாதுகாப்பாக வைத்திருப்பார்கள். ஆனால் பிரிண்ட் ரூம் என்று ஓர் அறை இருக்கிறது. முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு போனால் அந்தக் காகிதங்களை எடுத்து மேசையில் வைத்துக் காட்டுவார்கள். மாணவராக இருக்க வேண்டியதில்லை, ஆராய்ச்சியாளராகவும் இருக்க வேண்டியதில்லை. ஒரு பேச்சின் முடிவில் இதைச் சொன்னபோது நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்றே நினைத்தேன். வீட்டுக்குப் போய் கணவரிடம் சொன்னேன். "கேட்டுப் பார்க்க வேண்டியதுதானே" என்றார். இரண்டு வாரம் தயங்கினேன். எதற்காகப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது? கடைசியில், "நான் ஓர் ஆசிரியை. சாமுவேல் பாமரின் 1825 ஓவியங்களைப் பார்க்க ஆசைப்படுகிறேன்" என்று மட்டும் எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். பாமர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர். மறுநாளே நாள் குறித்துப் பதில் வந்தது.

2019 மே மாதம், கணவருக்கு விடுமுறை நாள். மகனை அவரிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன். கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சாய்மேசையில் எடுத்து வைத்தார்கள். ஆறு ஓவியங்கள். ஒவ்வொன்றும் நோட்டுப் புத்தகத்தை விரித்த அளவுதான் இருக்கும். எல்லாமே பழுப்பு மையில் பிசின் கலந்து, பேனாவாலும் தூரிகையாலும் வரைந்தவை. வரைந்தபோது அவருக்கு இருபது வயது. காலம் போகப்போக அந்தப் பிசின் கறுத்து, மண்ணும் தேனும் கலந்த ஒரு நிறத்துக்கு வந்திருக்கிறது. ஒன்றில், அறுவடைக்குத் தயாரான பயிருக்கு நடுவே ஒருவர் சாய்ந்து படுத்துப் புத்தகம் படிக்கிறார். பின்னால் பெரிய நிலா. இன்னொன்றில் விடிகாலைப் பாதையில் ஒரு முயல். தலையைச் சாய்த்துப் பார்த்தால் பிசின் தடித்த இடங்களில் மட்டும் வெளிச்சம் பட்டு மின்னுகிறது. அச்சிட்ட புத்தகத்தில் இது ஒருநாளும் தெரியாது. கண்ணுக்கும் காகிதத்துக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை, கண்ணாடியும் இல்லை. ஒன்றரை மணி நேரம் இருந்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

இந்த அருங்காட்சியகம் 1683-இல் திறந்தது. எலியாஸ் ஆஷ்மோல் என்பவர் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த பொருள்களோடு தொடங்கியது. அவற்றில் பெரும்பகுதி டிரேடஸ்கன்ட் என்ற தோட்டக்காரர்கள், அப்பாவும் மகனும், சேர்த்தவை. அந்தக் காலத்தில் கட்டணம் உண்டு. 1710-இல் வந்த உஃபென்பாக் என்ற ஜெர்மானிய அறிஞர், ஆறு பென்ஸ் கொடுத்தால் பெண்களைக்கூட உள்ளே விட்டுவிடுகிறார்கள், அவர்கள் அங்குமிங்கும் ஓடி எல்லாவற்றையும் தொடுகிறார்கள் என்று குறைப்பட்டு எழுதிவைத்திருக்கிறார். இதைப் படித்த நாளிலிருந்து அந்தப் பெண்களை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சொல்வதைக் கேட்காமல், தடுத்தாலும் நிற்காமல் பார்த்தார்களே, அவர்கள் வழியில்தான் நானும் வந்திருக்கிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் புகழ்ந்துவிட்டு நகர என் மனம் ஒப்பவில்லை. 2020 தொடக்கத்தில் ஒரு செய்தி வந்தது. அப்போது ஆஷ்மோலியனில் இருந்த திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலை, கும்பகோணம் பக்கத்தில் சுந்தரப்பெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலிலிருந்து திருட்டுப்போனதாக இருக்கலாம் என்று. பதினாறாம் நூற்றாண்டுச் சிலை, கையில் வாளும் கேடயமும். 1967-இல் லண்டன் ஏலத்தில் அருங்காட்சியகம் வாங்கியிருக்கிறது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் 1957-இல் எடுத்த ஒரு புகைப்படம் இருந்தது. அதே சிலை, அந்தக் கோயிலில். ஓர் ஆய்வாளர் அதைக் கண்டுபிடித்துச் சொன்னதும், அருங்காட்சியகமே 2019 டிசம்பரில் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவித்தது. கோயிலில் இருந்ததோ நகல் என்று தமிழ்நாட்டு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு விசாரித்துச் சொன்னது.

அந்தச் செய்தியை சமையலறையில் நின்றபடி மூன்று முறை படித்தேன். வாசலில் என்னிடம் எந்தச் சான்றும் கேட்காத இடம் அது. 1967-இல் ஆழ்வாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கேட்காதது கருணை. அவரைக் கேட்டிருக்க வேண்டும். எங்கிருந்து வருகிறீர்கள், யார் கொண்டு வந்தார்கள், உங்கள் கோயில் எது என்று அன்றைக்கே ஒருவர் விடாமல் கேட்டிருந்தால் ஐம்பது வருடம் அவர் ஊரை விட்டு இருந்திருக்க மாட்டார். யாரோ ஒருவர் 1957-இல் வேலை மெனக்கெட்டு எடுத்து, எண் போட்டு, பெட்டியில் பத்திரப்படுத்திய ஒரு கருப்பு-வெள்ளைப் படம்தான் கடைசியில் அவருக்கு முகவரிச் சான்று ஆனது.

2024 மார்ச்சில் பல்கலைக்கழகத்தின் கவுன்சில் சிலையைத் திருப்பித் தரும் கோரிக்கையை ஆதரித்து முடிவெடுத்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. கோபமும் முழுக்கப் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இன்னும் அங்கே போகிறேன், போகாமல் இருக்க முடியாது.

மகனுக்கு இப்போது பத்து வயது. ஆழ்வாரின் கதையை அவனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்:

"அந்த ஃபோட்டோ எடுக்காம விட்டிருந்தா என்னம்மா ஆயிருக்கும்?"

"தெரியாமலே போயிருக்கும் கண்ணு."

அதற்குப் பிறகு அவன் ஒரு நோட்டில் தனக்குப் பிடித்த பொருள்களை வரைந்து, பக்கத்தில் எங்கே செய்தது, எப்படி இங்கே வந்தது என்று எழுத ஆரம்பித்திருக்கிறான். அட்டையில் போட்டிருக்கிற விவரம் போதவில்லை என்றால் அங்கிருப்பவர்களிடம் நேரே போய்க் கேட்கிறான். எனக்கு வந்த தயக்கமெல்லாம் அவனுக்கு இல்லை.

போன வாரம் பிரிண்ட் ரூமுக்குத் தன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். மின்னஞ்சலை நீயே எழுது, நான் அனுப்புகிறேன் என்றேன். எதற்காகப் பார்க்க வேண்டும் என்று நான் இரண்டு வாரம் யோசித்த இடத்தில் அவன் ஒரே வரிதான் எழுதினான்: முயலைப் பார்க்க வேண்டும்.