குதிரைக்குக் குளிர்காலப் போர்வை தேர்ந்தெடுக்கும் முன்

குதிரை வளர்க்கத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில் நான் வாங்கிய போர்வை, உண்மையில் எனக்குக் குளிர்ந்ததால் வாங்கியது. இரண்டு ஸ்வெட்டர்களைப் போட்டுக்கொண்டும் நான் நடுங்கிக்கொண்டிருந்ததால், வேலிக்கு அப்பால் நின்ற இளம் பெண் குதிரையும் அப்படித்தான் நடுங்கும் என்று எண்ணி, கிடைத்தவற்றிலேயே கனமான, 300 கிராம் பஞ்சு வைத்த போர்வையை அதன்மேல் போட்டுக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். மறுநாள் வெயில் ஏறிய பிறகு தூக்கிப் பார்த்தபோது முதுகு முழுவதும் வியர்வையில் ஊறி, ரோமம் தோலோடு ஒட்டிக் கிடந்தது. நனைந்த உடம்போடு அடுத்த இரவின் குளிரை அது சந்திக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நம் உடம்பை வைத்துக் குதிரையின் குளிரை அளக்க முடியாது. ஆடையில்லாத மனிதனுக்கு 25 டிகிரி செல்சியஸிலேயே குளிரத் தொடங்கிவிடும். குளிருக்குப் பழகாத குதிரைக்கோ ஏறத்தாழ 5 டிகிரி வரை உடம்புச் சூட்டைக் காக்கத் தனி முயற்சி எதுவும் தேவைப்படுவதில்லை. நல்ல சதைப்பற்றோடு, முழுக் குளிர்கால ரோமமும் வளர்ந்து, காற்றும் ஈரமும் இல்லாத இடத்தில் நிற்கும் குதிரை, உறைநிலைக்கு 15 டிகிரி கீழே போனாலும் தாங்கிக்கொள்ளும். அந்த ரோமம் குளிரைக் கண்டு முளைப்பதில்லை. பகல்பொழுது குறையத் தொடங்குவதை உடம்பு உணர்ந்துகொண்டு, நமக்கு இன்னும் புழுக்கமாக இருக்கும்போதே ரோமத்தை மாற்றத் தொடங்கிவிடுகிறது. குளிரும்போது ஒவ்வொரு ரோமமும் நிமிர்ந்து நின்று இடையில் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் காற்றுதான் குதிரையின் உண்மையான போர்வை. மழை அதை நனைத்துப் படிய வைக்கும், பலத்த காற்று அதைக் கலைத்துவிடும். மெல்லிய போர்வையும் ரோமத்தை அமுக்கத்தான் செய்யும் என்பதால், அமுக்கியதற்கு ஈடான வெதுவெதுப்பை அது தருகிறதா என்று யோசித்த பிறகே உலர்ந்த நாளில் அதைப் போட வேண்டும்.

இதற்கு மேல், குதிரை தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு அடுப்பை வைத்திருக்கிறது. நார்ச்சத்து நிறைந்த உலர்புல் குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நொதிக்கும்போது நிறைய வெப்பம் உண்டாகிறது. ஆகவே கடுங்குளிர் இரவில் தானியத்தைக் கூட்டுவதைவிட, கூடுதலாக ஒரு கட்டு உலர்புல் போடுவதே முதல் வேலை. போர்வை அதற்குப் பிறகுதான்.

குதிரையிடமே கேட்டுப் பார்த்தால் என்ன என்று நார்வேயில் சிலர் உண்மையாகவே முயன்றார்கள். 2016இல் வெளிவந்த அந்த ஆய்வில் 23 குதிரைகளுக்கு, பலகையில் வரைந்த மூன்று குறிகளை மூக்கால் தொட்டு, போர்வையைப் போடு, கழற்று, இப்படியே இருக்கட்டும் என்று தெரிவிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு வாரங்களுக்குள் எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டன. வெயில் அடிக்கும் நாளில் அவை பெரும்பாலும் போர்வை வேண்டாம் என்றன. ஈரமும் காற்றும் குளிரும் சேர்ந்த நாளில் போடச் சொல்லிக் கேட்டன. இதைப் படித்த பிறகு, வெப்பமானியை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். உலர்ந்த உறைபனியைவிட 4 டிகிரியில் காற்றோடு பெய்யும் மழையே எனக்கு இப்போது அதிகக் கவலை தருகிறது.

அப்படியானால் போர்வை யாருக்குத் தேவை? வேலை வாங்குவதற்காக ரோமம் மழிக்கப்பட்ட குதிரைக்குக் கட்டாயம் தேவை. அதன் இயற்கைப் போர்வையை நாம் எடுத்துவிட்டோம் அல்லவா. மெலிந்தவை, நோயுற்றவை, வெப்பமான இடத்திலிருந்து அண்மையில் வந்தவை, ஒதுங்கக் கூரையில்லாமல் மழையில் நிற்பவை ஆகியவற்றுக்கும் தேவை. முதிய குதிரைகளைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். என்னிடம் இருபது வயதைத் தாண்டிய ஆண் குதிரை ஒன்று உண்டு. கிழவன் என்றுதான் கூப்பிடுகிறேன். பல் தேய்ந்ததால் உலர்புல்லைச் சரியாக மெல்ல முடியாமல், வயிற்று அடுப்பு முன்போல் எரியாத நிலை அவனுக்கு. பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு உள்ள முதிய குதிரைகளுக்கு ரோமம் அளவுக்கு மீறி நீண்டு, கோடையிலும் உதிராமல் நிற்கும். அந்தச் சடையைப் பார்த்து, இதற்கெங்கே குளிரப்போகிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. அடியில் சதை வற்றியிருக்கும்.

வாங்கப் போகும்போது போர்வையின் சீட்டில் உள்ள இரண்டு எண்கள் பலரையும் குழப்புகின்றன. கிராம் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்புக்குள் அடைத்திருக்கும் பஞ்சின் எடை. 0 கிராம் என்றால் மழையும் காற்றும் தடுக்கும் வெறும் உறை, 200 நடுத்தரம், 300, 400 கனமானவை. டெனியர் என்பது 9,000 மீட்டர் நீள நூலின் எடையைக் கிராமில் சொல்லும் அளவு. ஆகவே 1200 டெனியர் என்பது மேல்துணியின் நூல் தடிமனைத்தான் குறிக்கிறதே தவிர வெதுவெதுப்பை அல்ல. ஒன்றையொன்று கடித்து இழுக்கும் குதிரைகளுக்கு நடுவில் விடுவதானால் 600 டெனியர் ஒரு பருவம் தாங்குவதே அரிது. தனியாக நிற்கும் சாதுவான குதிரைக்கு அது போதும். லாயத்துக்குள் போடும் போர்வையை மழையில் நிற்கும் குதிரைக்குப் போடவே கூடாது. அது நீரைக் குடித்துக் கனத்து, ஒன்றும் போடாமல் விடுவதைவிட மோசமாகிவிடும். வெளியில் போடுவது மழையைத் தடுப்பதோடு, உள்ளிருந்து எழும் வியர்வை ஆவியையும் வெளியே விட வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்து, அளவு தவறினால் எல்லாம் வீண். நெஞ்சின் நடுவிலிருந்து தொடங்கி, தோளின் மிகப் புடைத்த பகுதி வழியாக, பின்தொடையின் கடைசி விளிம்பு வரை நாடாவைத் தொங்கவிடாமல் பிடித்து அளக்க வேண்டும். ஒருவர் தனியாக அளந்தால் பாதியில் குதிரை நகர்ந்துவிடும் என்பதால் துணைக்கு ஆள் தேவை. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அளவு முறை மாறுவதால், அவரவர் அட்டவணையோடு ஒப்பிடுவதே நல்லது. சிறியது தோளில் உரசி ரோமத்தைத் தேய்த்துவிடும். பெரியது பின்னுக்கு வழுக்கி, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் தோள்மேட்டை அழுத்திப் புண்ணாக்கும். வயிற்றுக்கு அடியில் குறுக்காகப் போகும் பட்டைகளுக்கும் வயிற்றுக்கும் இடையில் ஒரு கை அகல இடைவெளி போதும்; அதற்கு மேல் தொங்கினால், படுத்து எழும்போது கால் மாட்டிக்கொள்ளும்.

போட்ட பிறகு சரிதானா என்று அறிய, போர்வைக்குள் கையை விட்டுத் தோளுக்குப் பின்னால் தொட்டுப் பார்ப்பேன். உலர்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் சரி; ஈரப்பிசுக்காக இருந்தால் அதிகம். காதைத் தொட்டுப் பார்ப்பவர்களும் உண்டு, ஆனால் காது குளிர்ந்திருப்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எப்படியானாலும் நாளுக்கு ஒருமுறை முழுவதும் கழற்றி விலாவைத் தடவிப் பார்த்துவிட வேண்டும். ஒரு குளிர்காலத்தில் இரண்டு வாரம் அதைச் செய்யத் தவறினேன். கிழவன் எவ்வளவு மெலிந்துவிட்டான் என்பதைப் போர்வை என்னிடமிருந்து மறைத்துவிட்டது.

துவைப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று: சாதாரணச் சோப்புத்தூள் நீர்தடுக்கும் பூச்சைக் கெடுத்துவிடும், அரைகுறை ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

இந்த ஆண்டு பெண் குதிரைக்கு 0 கிராம் போர்வை மட்டுமே, அதுவும் காற்றோடு மழை பெய்யும் இரவுகளுக்கு மட்டும். கிழவனுக்கு 100 கிராம் மேல்போர்வையும், அதனுள் மாட்டிக் கழற்றக்கூடிய 100 கிராம் உள்போர்வையும் வாங்க எண்ணியிருக்கிறேன். பகல் வெயிலில் உள்ளதைக் கழற்றிவிடலாம், இரவில் மறுபடி மாட்டலாம். முதுகுத் தசை வற்றிவிட்டதால் பழைய அளவு அவனுக்குப் பொருந்தாது; அடுத்த வாரம் நாடாவோடு வரும்படி நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.