டிராக்டரோடு தண்டவாளம் தாண்ட எத்தனை நொடி?

பெங்களூரில் வேலை, மாலூர் பக்கமோ ஆனேக்கல் பக்கமோ நிலம் என்று இருக்கிறவர்களுக்கு இது. அகலப்பாதையில் ஆளில்லா கேட்டுகளை 2019 ஜனவரியோடு ரயில்வே ஒழித்துவிட்டது. ஆனால் கேட் தூரமாக இருந்தால் பழைய மாட்டுத்தடத்திலேயே டிராக்டரை ஏற்றுகிறவர்கள் உண்டு. சட்டப்படி அது அத்துமீறல். அதைவிடப் பெரிய சிக்கல் கணக்கில் இருக்கிறது.

டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து 9 மீட்டர் என்று வைப்போம். இரட்டைப் பாதையில் 5 மீட்டர் முன்னால் நின்று கிளம்பி, டிரெய்லரின் வால் அந்தப் பக்கம் 3 மீட்டர் விலகும்வரை சுமார் 24 மீட்டர் நகர வேண்டும். பாரத்தோடு மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம். கிளட்ச் விட்டு நகரும் நேரமும் சேர்த்து 20 நொடி. மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் ரயில் அதற்குள் 600 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். வளைவில் தைலமரத் தோப்பு மறைத்தால் 200 மீட்டர்கூடத் தெரியாது. ஒரு ரயில் போனதும் உடனே கிளம்பாதீர்கள். அதன் பின்னால் எதிர்ப்பாதையில் இன்னொன்று வரலாம்.

தொழிற்சாலைக்குப் பிரியும் கிளைப்பாதையில் (சைடிங்) கேட் இல்லாத இடத்தில் மோட்டார் வாகனச் சட்டம் 131-வது பிரிவு சொல்வதுதான் சரி: நிறுத்து, உதவியாள் இறங்கி நடந்துபோய்ப் பார்க்கட்டும், ஆள் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கட்டும். பிறகு லோ கியர். தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றினால் என்ஜின் அணைந்துவிடலாம். டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் இரும்புக் கம்பிக்கு (பின்) பூட்டு ஊசி இருக்கிறதா என்று அதற்கு முன்பே பாருங்கள். அது இல்லாமல் குலுங்கினால் இணைப்புக் கம்பி எகிறி டிரெய்லர் நடுவிலேயே நின்றுவிடும்.

தண்டவாளத்தை ஒட்டிய 5 சென்டிமீட்டர் இடுக்கைக் கல் போட்டு நிரப்பவே கூடாது. ரயில் சக்கரத்தின் விளிம்பு ஓடும் இடம் அது. கல்லில் ஏறினால் ரயிலே தடம் புரளலாம்.

வைக்கோல் பாரத்தின் மேல் ஆள் உட்காரக் கூடாது. மேலே ரயில் மின்கம்பியில் 25,000 வோல்ட். தொடவே வேண்டாம், நெருங்கினாலே தாக்கும்.

வண்டி நின்றுவிட்டால் முதலில் எல்லாரும் இறங்கி விலகுங்கள். தண்டவாளத்தை ஒட்டிய ரயில் மின்கம்பத்தில் கிலோமீட்டரும் வரிசை எண்ணும் எழுதியிருக்கும். ரயில்வே உதவி எண் 139-க்கு அதைச் சொன்னால் இடம் உடனே புரியும். கேட் பக்கத்தில் இருந்தால் கேட்கீப்பரிடம் ஓடுங்கள். அவர் 600 மீட்டரிலும் 1200 மீட்டரிலும் பட்டாசு சிக்னல் வைப்பார்; ரயில் சக்கரம் ஏறியதும் அது வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும்.

நிரந்தர வழி வேண்டுமென்றால் ரயில்வே சட்டம் 17-வது பிரிவின் கீழ், செலவை நாமே ஏற்பதாகச் சொல்லி ரயில்வே கோட்ட அலுவலகத்தில் கேட்கலாம். தனியாகக் கட்டுப்படியாகாது, பக்கத்து நிலக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுரங்கப்பாதை கேட்டால் உயரத்தை வைக்கோல் ஏற்றிய டிரெய்லருக்கு அளந்து எழுதுங்கள், மழைநீர் வடியும் வாய்க்கால் எங்கே போய்ச் சேரும் என்பதையும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.